காகங்கள் வருகின்றனவா, போகின்றனவா?

சுவர்க் காலண்டரில் அச்சிட்டிருந்த ஒரு வயற்காட்சியை, தேதி பார்க்கும் அவசரத்திலன்றி வேறெதற்காகவும் ஏறிட்டு நோக்காத ஒருவர், அதை வரைந்தவர் இன்னார், அவருடைய வாழ்க்கை இன்னவிதமாக முடிந்தது என்று பிறர் சொல்லக் கேட்டவுடன், அதுகாறும் கண்ணில் படாத மேகத்தையும் பாதையையும் அந்தப் படத்தில் காணத் தொடங்கிவிடுகிறார். தாளும் மையும் மாறவில்லை. இடையில் வந்து சேர்ந்தது ஒரே ஒரு வாக்கியந்தான். அப்படியானால் முன்பு அவர் கண்டது குறைபட்ட காட்சியா, அல்லது இப்போது காண்பதுதான் பெரிய பெயரைக் கேட்டு உண்டான மயக்கமா? கலையில் பழக்கமில்லாத எவரும் ஓவியக்கூடத்தினுள் நுழையும்போது இந்தச் சந்தேகத்தையும் உடன் கொண்டுதான் செல்கிறார். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார், அவ்வளவே.

மனித முகத்தை வரைந்த சித்திரத்தில் முகபாவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். புராணக் காட்சியாயின் பாத்திரங்களை அறிந்தவர் மீதியையும் அறிவார். மரமும் வயலும் வானமும் மட்டுமே உள்ள நிலக்காட்சி ஓவியத்திலோ, இப்படி உணர்க என்று நமக்குக் காட்டிக்கொடுப்பவர் எவருமில்லை. ஆகவே, ஓவிய வகைகள் அனைத்திலும் சூழ்நிலைக்கு மிக எளிதில் இணங்கிக்கொடுப்பது நிலக்காட்சியே என்பது என் அபிப்பிராயம். ‘சூழ்நிலை’ என்று இங்கே நான் குறிப்பது, படத்தின் சட்டத்துக்கு வெளியே இருந்துகொண்டு படத்தைப் பற்றிய நம் அனுபவத்தை மாற்றவல்ல யாவற்றையும்: தலைப்பு, ஆசிரியர் பெயர், தொங்கும் சுவர், விழும் வெளிச்சம், கேட்ட கதை, பார்ப்பவர் பிறந்த ஊர் ஆகிய எல்லாவற்றையும்.

திருப்பப்பட்ட ஒரு பக்கம்

ஆங்கில எழுத்தாளர் ஜான் பெர்ஜர், 1972ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொடராகவும் நூலாகவும் வெளிவந்த தமது ‘வேஸ் ஆஃப் சீயிங்’ என்ற படைப்பில், ஒரு சிறு பரிசோதனையை வாசகர்மீதே நடத்திக் காட்டினார். பறவைகள் எழுந்து பறக்கும் கோதுமை வயல் ஒன்றின் படத்தை ஒரு பக்கத்தில் வைத்து, சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புமாறு சொன்னார். திருப்பினால் அதே படம் மறுபடியும் இருக்கும். ஆனால் அதன் கீழே, வின்சென்ட் வான்கோ தற்கொலை செய்துகொள்வதற்கு முன் வரைந்த கடைசிப் படம் இதுவே என்ற செய்தி கூடியிருக்கும். சொற்கள் படத்தை எவ்விதம் மாற்றின என்று திட்டமாக வரையறுப்பது கடினம், ஆயினும் மாற்றிவிட்டன என்பதில் ஐயமில்லை என்பது பெர்ஜரின் கருத்து.

அந்தப் படத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இப்போது ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான்கோ காட்சிசாலையில் இருக்கும் அதன் உயரம் சுமார் 50 சென்டிமீட்டர். அகலமோ அதைப் போல இருமடங்குக்கும் சற்று அதிகம். பாரிஸுக்கு வடக்கேயுள்ள ஓவேர் சூர் வாஸ் என்னும் கிராமத்தில், 1890 ஜூலையில், முற்றிய கோதுமை அறுவடைக்கு நின்ற பருவத்தில் வரையப்பட்டது. படத்தின் அடிப்பகுதியில் செம்மண் பாதைகள் மூன்று பிரிகின்றன. இடப்புறப் பாதையும் வலப்புறப் பாதையும் சட்டத்துக்கு வெளியே ஓடிவிட, நடுப்பாதை மட்டும் வளைந்து வயலுக்குள் புகுந்து, எங்கேயும் போய்ச் சேராமல் கதிர்களுக்கிடையே மறைந்துவிடுகிறது. மேலே கருமைக்கு அடுத்த நீலமாக வானம். அதில் வெளிறிய மேகத்திட்டுகள் இரண்டு. வயலின்மேல் காகங்கள். ஒவ்வொரு காகமும் தூரிகையின் ஓரிரு கரிய இழுப்புகளன்றி வேறில்லை. அலகு எது, வால் எது என்று யாரும் சொல்ல முடியாது. ஆதலால் அவை நம்மை நோக்கி வருகின்றனவா, நம்மை விட்டு அகலுகின்றனவா என்பதையும் படம் சொல்வதில்லை.

கண் செல்லும் வழி

படம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுகிறோம் என்று நாம் நம்புவது பொய்நம்பிக்கை. விழித்திரையின் நடுவே மிகச் சிறிய பள்ளம் ஒன்று உண்டு. அதைக் கூர்நோக்குக் குழி எனலாம். நுண்ணிய விவரங்களைத் தெளிவாகக் காண்பது அந்த இடம் மட்டுமே. கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் நகம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு கணத்தில் நமக்குக் கூர்மையாகத் தெரிவது. எஞ்சியதெல்லாம் மங்கல். இக்குறையை ஈடுசெய்யவே கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி, தான் நின்ற இடங்களின் துணுக்குகளைக் கொண்டு மனத்தினுள் ஒரு படத்தைக் கட்டிக்கொள்கிறது. எங்கெங்கே நிற்பது என்பதைத் தீர்மானிப்பது யார் என்று கேட்டால், படம் ஓரளவு, பார்ப்பவருடைய மனம் ஓரளவு என்பதே விடை.

சிகாகோவில் கை பஸ்வெல் என்பவர், மனிதர் படங்களைப் பார்க்கும்போது அவர்கள் கண்ணின் அசைவுகளைப் புகைப்படக் கருவியால் பதிவுசெய்து, 1935இல் ஒரு நூலாக வெளியிட்டார். முன்கூட்டியே தரப்படும் குறிப்பு கண்ணின் போக்கை மாற்றிவிடுகிறது என்பதை அவர் கண்டார். அதையே இன்னும் விளக்கமாக நிரூபித்தவர் ருஷ்ய விஞ்ஞானி ஆல்ஃபிரெட் யார்பஸ். நாடுகடத்தப்பட்டிருந்த ஒருவர் வீட்டாரே எதிர்பாராத வேளையில் வந்து வாயிலில் நிற்பதாக இல்யா ரேப்பின் வரைந்த ஓவியத்தை ஒரே மனிதரிடம் பலமுறை காட்டி, ஒருமுறை சும்மா பார்க்கச் சொன்னார். ஒருமுறை அங்குள்ளோரின் வயதை மதிப்பிடச் சொன்னார். ஒருமுறை குடும்பத்தின் செல்வநிலையைக் கணிக்கச் சொன்னார். மற்றொருமுறை வந்தவர் எத்தனை காலம் பிரிந்திருந்தார் என்று ஊகிக்கச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் கண் வெவ்வேறு வழியாக நடந்தது. வயதைக் கேட்டால் முகங்களையே சுற்றியது. செல்வத்தைக் கேட்டால் மேசை நாற்காலிகளிலும் உடைகளிலும் தங்கியது. படம் ஒன்றாயினும், மூளைக்குப் போய்ச் சேர்ந்த துணுக்குகள் ஒன்றல்ல.

தலைப்பு என்பதும் இத்தகைய கேள்விதான். பிரஸ்ஸல்ஸ் நகரத்து அரசு கலைக்கூடம் 1912இல் பெற்ற ஓவியம் ஒன்றில், ஓர் உழவன் ஏர் பிடித்துச் செல்கிறான். ஆட்டிடையன் கோலூன்றி வானத்தைப் பார்த்து நிற்கிறான். பச்சைநிறக் கடலில் பாய்மரக் கப்பலொன்று காற்றை வாங்கிச் செல்கிறது. தலைப்பை மறைத்துவிட்டால் இது அமைதியான ஒரு கடற்கரைக் காட்சி. ‘இக்காரஸின் வீழ்ச்சி நிகழும் நிலக்காட்சி’ என்ற பெயரைப் படித்ததும், மெழுகால் ஒட்டிய இறகுகளோடு சூரியனை நெருங்கி விழுந்த அந்தக் கிரேக்க இளைஞன் எங்கே என்று கண் தேடத் தொடங்குகிறது. தேடினால் வலப்பக்க மூலையில், நீருக்கு மேலே உதைத்துக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் அகப்படுகின்றன. அவை அகப்பட்டபின், குனிந்த தலை நிமிராமல் உழும் அந்த உழவன் முன்போல் வெறும் உழவனாகத் தோன்றுவதில்லை. பிறர் துயரத்தைக் காணாதவனாகிவிடுகிறான். நெடுங்காலம் மூத்த பீட்டர் புரூகலின் கைவண்ணம் என்று போற்றப்பட்ட இப்படம் அவருடைய கையால் ஆனதுதானா என்ற ஐயம் இப்போது அறிஞர்களிடையே வலுத்திருக்கிறது. அதை அறிந்த ரசிகர் அதே உழவனைச் சற்றுக் குறைந்த மரியாதையோடு பார்ப்பாரானால், அதுவும் சூழ்நிலையின் வேலையே.

வான்கோவின் வயலுக்கு வருவோம். ‘அறுவடைக்கு முன்’ என்று அதற்கு ஒருவர் பெயர் வைத்திருந்தால், படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு எரியும் மஞ்சளிலேயே கண் அதிக நேரம் நின்றிருக்கும். மரணம் என்ற சொல்லைக் கேட்ட கண்ணோ வானத்தின் கருமைக்கும், முட்டி நிற்கும் நடுப்பாதைக்குமே ஓடும் என்று கருத இடமுண்டு.

கரிய இழுப்பு காகமாவது

கண் ஓரிடத்தில் நின்றபின்னும் வேலை முடியவில்லை. கண்டதை இன்னதென்று தீர்ப்புச் சொல்வது மூளையின் காரியம். அதற்கு அது முன்பு கண்டவற்றைத் துணையாகக் கொள்கிறது. புகெல்ஸ்கி, அலம்பே என்ற இரு உளவியலறிஞர் 1961இல் ஒரு கோட்டோவியத்தை வைத்து இதைக் காட்டினர். அது கண்ணாடி அணிந்த வழுக்கைத் தலையர் எனினும் பொருந்தும், எலி எனினும் பொருந்தும். முதலில் விலங்குப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் எலியே தெரிந்தது. மனித முகங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மனிதரே தெரிந்தார். ஸ்டீபன் பாமர் 1975இல் செய்த சோதனையில், சமையலறைக் காட்சியைக் கண்டபின் ஒரு கணமே காட்டப்பட்ட ரொட்டியை மக்கள் எளிதில் அடையாளம் கண்டனர். ஏறக்குறைய அதே வடிவமுள்ள தபால்பெட்டியை அதே காட்சிக்குப்பின் காட்டியபோது தடுமாறினர். ஐயத்துக்கு இடமான இடத்தில் சூழ்நிலை நடுவராக வந்து அமர்ந்துவிடுகிறது.

நம் காகங்கள் அப்படி ஐயத்துக்கு இடமானவை. கதையை அறியாதவருக்கு அவை கதிர் பொறுக்கிய பின் எழுந்து போகும் பறவைகள். அறிந்தவருக்கோ இருண்ட வானத்திலிருந்து ஓவியரை நோக்கி இறங்கும் பறவைகள். இங்கே பார்ப்பவர் எந்த நாட்டவர் என்பதும் சேர்ந்துகொள்கிறது. மேலைநாட்டு ரசிகர் பலருக்குக் காகக் கூட்டம் என்றாலே மரணத்தின் அறிகுறி. தமிழ்நாட்டு வீட்டில் வளர்ந்தவருக்கோ, கூரையில் காகம் கரைந்தால் விருந்து வரும்; அமாவாசையன்று முதற்பிடிச் சோற்றை அது வந்து தொடாமல் யாரும் இலையில் உட்கார மாட்டார்கள். நமக்கும் அது மூதாதையரின் பறவை, ஆகவே மரணத்தோடு தொடர்புடையதுதான்; ஆனால் அத்தொடர்பில் பயத்தைவிட உறவே மிகுதி. அந்தப் படத்தின்முன் நிற்கும் தமிழர், வான்கோவின் கதையைக் கேட்டிராவிட்டால், கூப்பிட்டதும் வந்த கூட்டத்தை அதில் கண்டு சந்தோஷப்படவும் கூடும். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெயர்ச்சீட்டின் செல்வாக்கு

நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் காட்சிசாலையில், புகழ்பெற்ற ஓவியங்களின்முன் பார்வையாளர்கள் எத்தனை நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரி 27 நொடி. பாதிப்பேர் 17 நொடிக்கு மேல் நிற்கவேயில்லை. இவ்வளவு குறுகிய பொழுதில், சுவரில் ஒட்டிய சிறு சீட்டில் இருக்கும் பெயரும் ஆண்டும் எவ்வளவு பாரம் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் பாரம் வெறும் வாய்ப்பேச்சில் மட்டும் வெளிப்படுகிறதா, உணர்ச்சியிலேயே புகுந்துவிடுகிறதா என்பதே முக்கியமான கேள்வி. உல்ரிச் கிர்க்கும் அவருடைய தோழர்களும் 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சிலருக்கு அருவப் படங்களைக் காட்டி, சிலவற்றைக் கலைக்கூடத்திலிருந்து வந்தவை என்றும், சிலவற்றைக் கணினியில் உண்டாக்கியவை என்றும் சொன்னார்கள். இரண்டு வகைக்கும் படங்கள் ஒரே குவியலிலிருந்து எடுக்கப்பட்டவையே. கலைக்கூடத்துப் படங்கள் என்று சொல்லப்பட்டவற்றுக்கு அதிக மதிப்பெண் கிடைத்தது. அப்போது மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, கண்குழிக்கு மேலே முன்மூளையில் இன்பத்தையும் வெகுமதியையும் அளந்தறியும் பகுதியும் அதற்கேற்ப மாறுபட்டு இயங்கியது. அதாவது அவர்கள் மரியாதைக்காக நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. உள்ளபடியே அதிகமாக ரசித்தார்கள் என்று கொள்ள நியாயம் இருக்கிறது. காட்டப்பட்டவை நிலக்காட்சிகள் அல்லவே என்று ஒருவர் தடைசொல்லலாம். சொல்லட்டும், ஆனால் மேலே கூறியபடி, தன்னைத் தானே விளக்கிக்கொள்ளாத படம் என்ற அளவில் அருவ ஓவியமும் நிலக்காட்சியும் அவ்வளவு தூரத்து உறவினரல்ல.

நிறத்துக்கும் அக்கம்பக்கம் உண்டு

கதையும் பெயரும் இல்லாத இடத்திலும் சூழ்நிலை ஓய்வதில்லை. பாரிஸ் நகரத்து கோபெலான் நெசவுச்சாலையில் சாயப்பிரிவின் தலைவராயிருந்த ரசாயன அறிஞர் ஷெவ்ரல், கறுப்பு நூல் சோகைபிடித்துத் தெரிகிறது என்ற புகாரை ஆராயப் புகுந்து, குற்றம் சாயத்தில் இல்லை, கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த நீலத்திலும் ஊதாவிலும் இருக்கிறது என்று கண்டறிந்தார். அருகருகே வைத்த இரு நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் இந்த நிகழ்ச்சியை உடனிகழ் முரண் எனலாம். 1839இல் வெளிவந்த அவருடைய நூலின் கருத்துகள் பிற்கால ஓவியர்களுக்குப் பாடமாயின. வான்கோவும் அவற்றைப் பிறர் எழுத்து வாயிலாகக் கற்றவரே. நீல வானத்தின்கீழ் மஞ்சள் வயலை வைத்ததும், செம்மண் பாதையின் ஓரத்தில் பசும்புல் வரப்பை இழுத்ததும் ஒன்றால் மற்றொன்று கொழுந்துவிட்டு எரிவதற்காகத்தான்.

இந்த ஏற்பாடு சட்டத்தின் ஓரத்தோடு நின்றுவிடுமா? விழிக்குச் சட்டம் ஒரு வேலியன்று. தங்கநிறச் சட்டமும், சிவந்த சுவரும், பக்கத்தில் தொங்கும் படமும் அந்த முரணில் பங்குகொள்ளவே செய்யும். காலமும் தன் பங்குக்கு வர்ணத்தையே மாற்றிவிடுகிறது. வான்கோ விரும்பிப் பயன்படுத்திய குரோம் மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பழுப்பாவதன் காரணத்தை 2011இல் விஞ்ஞானிகள் விளக்கினர். ‘சேன் நதிக்கரை’, ‘ஆர்ல் நகரும் ஐரிஸ் மலர்களும்’ என்ற இரு நிலக்காட்சிகளிலிருந்து எடுத்த மிக நுண்ணிய துகள்களை எக்ஸ்-கதிரால் சோதித்தபோது, மேற்பரப்பிலுள்ள குரோமியம் வேறொரு ரசாயன நிலைக்கு இறங்கியிருந்தது தெரிந்தது. அந்த மஞ்சள் தணிந்த இடங்களில் சோகத்தைக் கண்டு உருகுகிறவர், ஓரளவுக்கு ஒரு ரசாயன மாற்றத்தைக் கண்டே உருகுகிறார்.

தவறான செய்தியும் வேலை செய்யும்

வான்கோ 1890 ஜூலை 27ஆம் தேதி தம்மைச் சுட்டுக்கொண்டு, 29ஆம் தேதி இறந்தார். காகங்கள் பறக்கும் அந்த வயல் அவருடைய கடைசிப் படமன்று. பெர்ஜர் வாசகருக்குச் சொன்ன செய்தி, ஊரெல்லாம் நம்பியிருந்த ஒரு கதை. இர்விங் ஸ்டோன் 1934இல் எழுதிய ‘லஸ்ட் ஃபார் லைஃப்’ நாவலும், அதையொட்டி 1956இல் வந்த திரைப்படமும் வான்கோவின் வாழ்க்கையை வீடுதோறும் கொண்டுபோயின. காகங்களுக்கு நடுவே படம் வரைந்து, அங்கேயே துப்பாக்கியை எடுப்பவராகத் திரையில் அவரைக் கண்டவர்களுக்கு வேறு கடைசிப் படம் தேவைப்படவில்லை.

ஓவியரின் சொந்த வார்த்தை நமக்குக் கைகொடுக்குமா என்றால், அங்கேயும் சங்கடம். அந்த ஜூலையில் தம்பி தியோவுக்கும் அவர் மனைவிக்கும் எழுதிய கடிதத்தில், கொந்தளிக்கும் வானத்தின்கீழ் விரிந்த கோதுமை வயல்களை வரைந்ததாகவும், துயரத்தையும் மிகுந்த தனிமையையும் அவற்றில் வெளியிட முயன்றதாகவும் சொல்கிறார். இந்தப் பகுதியை எல்லோரும் எடுத்துக்காட்டுவர். ஆனால், நாட்டுப்புறத்தில் தாம் காணும் ஆரோக்கியத்தையும் உள்ளத்துக்கு உரமளிக்கும் தன்மையையும் அப்படங்கள் சொல்லும் என்றும் அதே கடிதத்தில் தொடர்ந்து எழுதியிருக்கிறார். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், மரணக் கதைக்கு அது இசையாதபடியால்.

இறுதியாக வரைந்தது ‘மரவேர்கள்’ என்ற, முற்றுப்பெறாத படமே என்பது இப்போது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் முடிவு. நீலமும் பச்சையும் காவியுமாகப் பின்னிக் கிடக்கும் அந்த வேர்களில் எது மேல், எது கீழ் என்று கண்டுபிடிக்கவே நேரமாகும். உருவமே கரைந்துபோன புதுயுகச் சித்திரம் என்று அதை மெச்சியவர்களும் உண்டு. 2020இல் வவுட்டர் வான் டெர் வேன் என்ற ஆய்வாளர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான தபாலட்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதிலிருந்த சாலையோர மேட்டின் வேர்கள் ஓவியத்து வேர்களோடு ஒத்திருப்பதைக் கவனித்தார். வான்கோ தங்கியிருந்த விடுதிக்குச் சிறிது தூரத்தில் அந்த மேடு இன்னும் இருக்கிறது. படத்தில் வெயில் விழும் விதத்தைக் கொண்டு, அவர் தம்மைச் சுட்டுக்கொண்ட அன்று பிற்பகல் முடியுந்தறுவாய்வரை வேலை செய்திருக்க வேண்டும் என்றும் கணித்தார்கள். செய்தி பரவிய நாள்முதல், ஒரு காலத்தில் காகங்களில் தேடிய மரணத்தை மக்கள் அந்த வேர்களில் தேடுகிறார்கள். மண்ணைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்று போராடும் உயிரின் கடைசிப் பிடி என்று எழுதவும் தொடங்கிவிட்டார்கள்.

அதே படத்தைப் பற்றி வேறொரு சாட்சியமும் இருக்கிறது. தியோவின் மைத்துனர் ஆந்திரீஸ் போங்கர், அந்தச் சாவு குடும்பத்தில் விளைவித்த துயரத்தை உள்ளிருந்து அறிந்தவர். அச்சாவுக்கு முந்திய காலைப்பொழுதில் வின்சென்ட் எதை வரைந்தார் என்பதைப் பின்னாளில் எழுதியவரும் அவரே. ‘மரவேர்கள்’தான் கடைசிப் படம் என்ற முடிவே அவர் எழுத்தைத் துணையாகக் கொண்டது. தபாலட்டை கிடைப்பதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பாக, பின்னர் நேர்ந்தது முழுவதையும் அறிந்திருந்தும், அவர் அதைச் சோகப்படம் என்று வருணிக்கவில்லை. வெயிலும் உயிர்த்துடிப்பும் நிறைந்த காட்டடிக் காட்சி என்றே குறித்திருக்கிறார்.